முறிந்த கையும் சாப்பிட்ட வயிறும்

கை முறிந்த பிள்ளையின் எலும்பைப் பார்க்க எக்ஸ்ரே இருக்கிறது. வயிற்றில் என்ன இருக்கிறது என்று அறிய எங்களுக்கு இன்றுவரை பெற்றோரின் வாயைத் தவிர வேறு வழியில்லை.

சிட்னியின் மேற்குப் பக்கம், ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். சனி, ஞாயிறு என்றால் டிராம்போலின், ஸ்கூட்டர், தொங்கி விளையாடும் மங்கி பார் கம்பி என்று முறிந்த கைகள் வரிசையாக வரும். வளைந்த கையை நிமிர்த்தப் பிள்ளையை மயக்க வேண்டும். மயக்க வேண்டுமென்றால் வயிறு காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். பிள்ளை சாப்பிட்டிருந்தால், விரல்களில் இரத்த ஓட்டம் கெடாமல் இருந்தால், ஆறு மணித்தியாலம் காத்திருப்போம். ஆகவே எங்கள் தொழிலில் தலையாய கேள்வி, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பதுதான். அந்தப் பிளாஸ்டிக் கதிரைகளில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காகக் குந்தியிருந்தவர்களே, திரைக்கு அந்தப் பக்கம் நீங்கள் பட்ட பாட்டை இந்தப் பக்கம் நானும் பட்டிருக்கிறேன்.

சாப்பாடு என்றால்

ஒன்பது வயதுப் பையன், ஸ்கூட்டரில் வந்து வேலியில் மோதியவன். தாய் யாழ்ப்பாணத்துக்காரி. தமிழில் கேட்டால் பிழை வராது என்ற பெருமையில் நானே கேட்டேன். "காலமையிலிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை டொக்டர், பாவம்" என்றார். சரியென்று எல்லாம் ஆயத்தம் செய்தோம். மயக்க மருந்தை ஊசியில் ஏற்றியாயிற்று. அப்போதுதான் நர்ஸ் மரியா பையனின் பெனியனைக் காட்டினாள். நெஞ்சு முழுக்க ரோல்ஸ் துகள்.

ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் தாயைப் பார்த்தேன். இரண்டு மட்டன் ரோல்ஸ், ஒரு சொக்லேட் பால், வரும்போது காருக்குள் ஒரு வாழைப்பழம் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கோபத்தை அடக்கிக்கொண்டு, முதலே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் என்னை விளங்காமல் பார்த்தார். "அது சாப்பாடில்லையே, டொக்டர். சோறு இன்னும் குடுக்கேல்லை."

நலம் விசாரித்த கதை

சில மாதம் கழித்து ஒரு தமிழ்நாட்டுத் தம்பதி கை முறிந்த மகளோடு வந்தார்கள். தகப்பனுக்கு ஐடியில் வேலை, அவர்களும் பதற்றம், நானும் களைப்பு. நாலு வார்த்தை ஊர்க்காரர் மாதிரிக் கதைப்போம் என்று, "சாப்பிட்டாச்சா?" என்று ஆரம்பித்தேன். "ஆச்சுங்க, நீங்க சாப்பிட்டீங்களா?" என்றார் தகப்பன். நானும் ஓம் என்றேன். (சாப்பிடவில்லை.) பிள்ளை சாப்பிட்டாயிற்று என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் தெரிந்தது, மகளும் சாப்பிடவில்லை, அவர்களும் சாப்பிடவில்லை. நேரே தண்டவாளத்தில் தலையை வைக்கலாம் போலிருந்தது. "ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?" என்று கேட்டேன். "சாப்பிட்டீங்களான்னு கேக்கறவங்ககிட்ட இல்லைன்னு சொல்ல முடியுமாங்க? அப்புறம் நீங்க எங்களுக்காகச் சாப்பாடு தேட ஆரம்பிச்சிடுவீங்களே!"

வீண் விரதம்

இதற்குப் பிறகு நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: கை வீங்கியிருந்தால் முதலில் எல்லோருக்கும் பட்டினி, விசாரணை பிறகு. ஹரிஸ் பார்க் என்ற புறநகரில் கடை வைத்திருக்கும் ஒருவரின் மகளைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைத்திருந்தேன். எக்ஸ்ரே வந்தபோது எலும்பின் ஓரத்தில் ஒரு சின்ன நசுங்கல், அவ்வளவுதான். நிமிர்த்த ஒன்றுமில்லை. கழற்றி மாட்டும் ஒரு பட்டியைக் கட்டி, மூன்று வாரத்தில் சரியாகிவிடும், வீட்டுக்குப் போகலாம் என்றேன். தகப்பன் பட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இவ்ளோ நேரம் பட்டினி போட்டதுக்கு ஒரு மாவுக்கட்டாவது போட்டு விடுங்க டாக்டர்."

தெளிவான பதில்

அபிக்கு ஆறு வயது. பார்க்கில் மங்கி பாரிலிருந்து விழுந்தவள். இடது முன்கை நடுவில் வளைந்திருந்தது. தகப்பன், துப்புரவு வேலைச் சீருடையோடு, மத்தியானம் ஒரு மணிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்.

முறிந்த கையோடு வரும் எந்தப் பிள்ளைக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எப்படி விழுந்தது, யார் பார்த்தது, வீட்டில் யார் இருந்தது. பிள்ளைக்கு யாரும் தீங்கு செய்யவில்லை என்று உறுதிப்படுத்தும் கேள்விகள். அன்று நான் அதை எத்தனையாவது தடவை கேட்டேனோ தெரியாது, தலையை நிமிர்த்தாமலே கேட்டேன். அதே மூச்சில், கடைசியாக எப்போது சாப்பிட்டவள் என்றும் கேட்டேன். "பன்ரண்டு மணிக்கு. சோறு, கோழிக்கறி, முட்டை. வடிவாச் சாப்பிட்டவ" என்றார். நேரம், பதார்த்தம் எல்லாம் சேர்த்து இப்படி ஒரு தெளிவான பதில் எனக்குக் கிடைத்ததே இல்லை. சந்தோஷமாக எழுதிக்கொண்டேன். ஆறு மணிவரை காத்திருக்க வேண்டும் என்றேன்.

மூக்கு வழியாக வலி மருந்து கொடுத்தோம், கைக்குத் தற்காலிகமாகப் பலகை கட்டினோம். ஆனாலும் யாராவது கட்டிலில் முட்டினால் அபி கத்தினாள். ஒவ்வொரு தடவையும் நான் போய் விரல்களைப் பார்த்தேன். நிறம் நன்றாக இருந்தது, சூடாகவும் இருந்தது. தகப்பன் பக்கத்திலிருந்த கதிரையில் ஒரு தடவைகூட உட்காரவில்லை.

நாலு மணிக்கு மரியா வந்து, பிள்ளை பசியில் அழுகிறாள், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம் என்றாள். நான் போய்க் கட்டிலருகே குனிந்து கேட்டேன். "நோ பிரேக்ஃபஸ்ட். அப்பா வாஸ் ஸ்லீப்பிங்" என்றாள் அபி.

தகப்பன் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். இரவு வேலை முடித்து விடிய வந்து படுத்தவர். மனைவி முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போய்விட்டார். எழும்பியபோது பிள்ளை பார்க் பார்க் என்று நின்றதால், வரும் வழியில் சாப்பாடு வாங்கலாம் என்று கூட்டிப் போயிருக்கிறார். முன்பு இரண்டு வருடம், அகதிகளை அடைத்து வைக்கும் வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்தவர். அங்கே சொன்ன ஒவ்வொரு பதிலும் ஒரு ஃபைலில் ஏறியது. விசா இன்னும் முடிவாகவில்லை. "பிள்ளையைப் பட்டினி போட்டனான் எண்டு எழுதினால் பிள்ளையைப் பறிச்சுப்போடுவியள் எண்டு பயந்திட்டன்" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. எங்களுக்குத் தேவைப்பட்டதே அந்த வெறும் வயிறுதான் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார், ஆனால் ஒன்றும் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. உடனே மயக்கி, கையை நிமிர்த்தி, பிளாஸ்டர் போட்டோம். எலும்பு சொன்னபடி கேட்டது. நிமிர்த்தும் வேலை பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

அபி தெளிந்ததும் மரியா ஒரு சீஸ் சாண்ட்விச் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் நல்ல கையால் பிடித்து இரண்டாம் பாதியையும் முடிக்கும்வரை தகப்பன் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்ப, நான் உண்மையைச் சொல்லியிருந்தால் பிள்ளை மூண்டு மணித்தியாலம் நோகாமல் இருந்திருக்கும், என்ன டொக்டர்?"

இப்போதெல்லாம் படிவத்தைக் கவிழ்த்து, பேனாவைச் சட்டைப் பைக்குள் செருகிவிட்டுத்தான் பிள்ளை எப்போது சாப்பிட்டது என்று கேட்கிறேன். பதில் ஒழுங்காக வருகிறது, எழுதப் போகும் நேரத்தில் எனக்குத்தான் மறந்துபோகிறது.