மனேச்சருக்குச் சனி முழுக்கு

பின்வளவுக் கேற்றைத் திறக்கும்போதே தார் மணம் மூக்கில் அடித்தது. யோகராணி பிஸ்கற் தொழிற்சாலையில் சனிக்கிழமை ஓவர்டைம் முடித்து, பஸ்ஸைத் தவறவிட்டு, டண்டினொங் ஸ்டேசனிலிருந்து நடந்து வந்திருந்தாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கதிரையில் சரிய வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருக்கவில்லை. வளவுக்குள் அவளுடைய புருசன் மகேந்திரராஜா ஒரு கையில் பூனையையும் மறு கையில் மண்ணெண்ணெய்ப் போத்தலையும் பிடித்தபடி நின்றார்.

"என்னப்பா செய்யிறியள்?"

"மனேச்சர் வேலியிலை பாஞ்சிட்டார்."

வீட்டை வாடகைக்கு விட்டவன் வாங்கி வைத்துவிட்டுப் போன கிரியோசோட்டை, மரம் உக்காமலிருக்க அடிக்கிற அந்தக் கறுத்த தாரெண்ணெயை, அவர் காலையிலிருந்து வேலிக்குப் பூசிக்கொண்டிருந்தார். காயாத பலகையில் ஏறிய பூனையின் வயிறும் நாலு காலும் வாலில் பாதியும் பிசுபிசுத்துக் கிடந்தன. அது கழுத்தை வளைத்து வளைத்துத் தன் விலாவை நக்கப் பார்த்தது.

பூனை வீட்டோடு வந்தது. முன்னாலிருந்தவர்கள் கட்டிலையும் பூனையையும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதற்கு மனேச்சர் என்று பெயர் வைத்தது மகேந்திரராஜாதான். சாவகச்சேரியில் அவரே கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். அப்போதெல்லாம் வாய் ஓயாத மனிசன். கடையைப் பூட்டிவிட்டு வந்தால், யார் வந்தது, என்ன சொன்னது, தான் என்ன திருப்பிக் கொடுத்தது என்று சாப்பிட்ட கை காயும்வரை கதைப்பார். எழுபத்துநாலாம் ஆண்டு இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்து ஒரு பண்டசாலையில் பெட்டி அடுக்கத் தொடங்கியபின் அந்தக் கதை நின்றுபோனது. அவளோடு ஓம், இல்லை, சம்பலுக்கு உப்புக் காணாது என்பதோடு சரி. மற்றதெல்லாம் பின்படியில் குந்தியிருந்து பூனைக்குத்தான். "மனேச்சர், இண்டைக்கு அவன் என்ன சொன்னவன் தெரியுமோ?" என்று தொடங்குவார். அவள் குசினி யன்னலால் கேட்டபடி கோப்பை கழுவுவாள்.

அவளுக்கு அதில் கோபமில்லை. உண்மையைச் சொன்னால் நிம்மதிதான். பகல் முழுக்க மெசின் இரைச்சலில் நின்றுவிட்டு வருகிற காதுக்கு இன்னொருவருடைய நாளையும் கேட்கத் தெம்பு வேண்டாமா? அந்த வேலையைப் பூனை பார்த்தது. பூனை செத்தால் இந்த மனிசன் முழு ஊமையாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அப்படி ஆகிறவரைத் தூக்கி நிமிர்த்தத் தன்னிடம் பலம் மிச்சமில்லை என்பதும் தெரியும்.

"மண்ணெண்ணெயைக் கீழை வையுங்கோ. தோல் வெந்துபோகும்."

"ஊரிலை தார் பட்டால் இதாலைதானே துடைக்கிறனாங்கள்?"

"அது உங்கடை உள்ளங்கால். ஆணி அடிச்சாலும் இறங்காது. தள்ளுங்கோ."

அவள் வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் பிடித்தாள். அதற்குள் டெற்றோலைத் தாராளமாகவே ஊற்றினாள். டெற்றோல் கலக்காத தண்ணீர் அவளுக்குத் தண்ணீரே அல்ல. வெட்டுக்காயம், நிலம், காய்ச்சல்காரன் கிடந்த படுக்கைவிரிப்பு எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. தண்ணீர் பால்போல வெளுத்தது. இருவருமாகப் பூனையை வயிறுவரை அமுக்கினார்கள். அது கத்தி, மகேந்திரராஜாவின் மணிக்கட்டை நீளத்துக்குக் கீறியது. தார் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் பூனையின் கடைவாயிலிருந்து எச்சில் நூலாக வடியத் தொடங்கியது.

"ராணி, வாய் நுரைக்குது." அவர் பூனையின் வாயைச் சட்டை நுனியால் துடைத்தார்.

அவள் ஈரக்கையோடு ஓடிப்போய், டெலிபோன் புத்தகத்தில் தேடி, ஊருக்குள் இருந்த மிருகவைத்தியரைக் கூப்பிட்டாள். எடுத்தது அவருடைய மனைவி. பசுவொன்று கன்று போட முடியாமல் கஷ்டப்படுகிறதென்று அவர் ஒரு பண்ணைக்குப் போயிருப்பதாகவும், பொழுதுபடத்தான் திரும்புவார் என்றும் சொன்னாள். பிறகு, இதுவரை என்ன போட்டுக் கழுவினீர்கள் என்று கேட்டாள். யோகராணி டெற்றோல் என்றாள், கொஞ்சம் பெருமையாகவே.

பிறகு அந்த மனுசி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். தாரைப்போலவே அதுவும் பூனைக்கு நஞ்சு. முதலில் அதை வெறும் இளஞ்சூட்டுத் தண்ணீரால் கழுவிவிடு. நக்க விடவே கூடாது, துவாயால் சுற்றிப் பிடி. மண்ணெண்ணெய், டேர்ப்பன்டைன் எதுவும் கிட்டவும் வேண்டாம். சமையல் எண்ணெய் தடவித் தாரை இளக்கிப் பழந்துணியால் துடை. பிறகு கோப்பை கழுவுகிற திரவம், பிறகு நிறையத் தண்ணீர். குளிர விடாதே. அவர் வந்ததும் கொண்டுவா.

"என்னவாம்?" என்றார் மகேந்திரராஜா.

"என்ரை டெற்றோல் நஞ்சாம்."

"மண்ணெண்ணெய்?"

"அதுவும்தான். சந்தோசப்படாதேங்கோ."

எண்ணெய்ப் போத்தலில் அடிமண்டிதான் கிடந்தது. சனிக்கிழமை மத்தியானத்தோடு கடையெல்லாம் பூட்டிவிடும். அதைவிட்டால் வீட்டிலிருந்த ஒரே எண்ணெய், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவரிடம் மகேந்திரராஜாவின் தமக்கை கொடுத்தனுப்பிய நல்லெண்ணெய். சனி முழுக்கை மட்டும் அவர் இந்த நாட்டிலும் விடவில்லை. குளிர்காலத்தில்கூட உச்சியில் வைத்துத் தேய்த்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழுகுவார். அவள் வாய் திறக்குமுன் அவரே போய்ப் போத்தலை எடுத்துவந்து, உள்ளங்கை நிறைய ஊற்றினார்.

"பாத்து விடுங்கோ. திரும்ப எப்ப வருமோ."

"இண்டைக்கு மனேச்சருக்குத்தான் சனி முழுக்கு. இதிலை என்ன கஞ்சத்தனம்?"

அவள் துவாயில் சுற்றிய பூனையை மடியில் இறுக்கி, ஒவ்வொரு காலாக வெளியே விட்டாள். அவர் தேய்த்தார், துடைத்தார். துணி கறுக்கக் கறுக்க வேறு பக்கம் திருப்பினார். விரலிடுக்குகளில் பிடித்திருந்த தார்தான் படாதபாடு படுத்தியது. அவளுக்குத் தோள்மூட்டு கடுத்தது, இடுப்பு விண்விண்ணென்று வலித்தது. பிறகு நுரை, பிறகு தண்ணீர். தண்ணீர் கறுத்து ஓடியது. திரும்பவும் எண்ணெய், திரும்பவும் நுரை. கடைசியில் மனேச்சர் நனைந்த எலிபோல ஒடுங்கி நடுங்கியது. காய்ந்த துவாயில் பொதிந்து ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பொழுதுபடும்வரை நக்க விடாமல் இருவரும் மாறி மாறிக் காவலிருந்தார்கள்.

பிறகு வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். பண்ணையிலிருந்து திரும்பியவர் சேற்றுச் சப்பாத்தோடேயே பார்த்தார். நாக்கு புண்ணாகிவிட்டது என்றார். ஊசி போட்டார். மிஞ்சிய தார்முடியைக் கத்தரிக்கோலால் வெட்டினார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, பிழைக்கும் என்றுதான் நினைக்கிறேன், சாப்பிடுகிறதா என்று பாருங்கள் என்றார். மகேந்திரராஜா நன்றி சொல்ல ஆங்கிலம் தேடி, கிடைக்காமல், அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்.

அடுத்த நாள் பின்னேரம் பூனை மீன் அவித்த தண்ணீரை நக்கிக் குடித்தது. குடித்து முடித்து, மகேந்திரராஜாவைப் பார்த்துச் சீறிவிட்டு, பிரிஜ்ஜுக்குப் பின்னால் போய்ப் படுத்தது. அவர் தரையில் குந்தி எவ்வளவு கெஞ்சியும் வெளியே வரவில்லை. பின்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனியே இருந்து பார்த்தார். பிறகு குசினிக்குள் வந்து கதிரையை இழுத்துப் போட்டார்.

"மனேச்சருக்குக் கோவம்."

"வராதே பின்னை?"

யோகராணி அப்போதுதான் மற்றக் கதிரையில் கால் நீட்டியிருந்தாள். நாளைக்கு விடிய வேலை.

"உமக்குத் தெரியுமே, வெள்ளிக்கிழமை அந்தச் சுப்பவைசர் என்ன செய்தவன் எண்டு?"

அவளுக்கு எழுந்து போய்ப் படுக்கலாம்போல இருந்தது. பிரிஜ்ஜின் பக்கம் பார்த்தாள். அங்கேயிருந்து உதவி வருவதாகத் தெரியவில்லை.

"சொல்லுங்கோ. நான் கண்ணை மூடிக்கொண்டு கேக்கிறன். நித்திரை எண்டு நினைக்காதேங்கோ."

அவர் வெள்ளிக்கிழமையைச் சொல்லி முடித்து, அதற்குக் காரணமான புதன்கிழமைக்குப் பின்னால் போனபோது, அவள் உண்மையாகவே நித்திரையாகியிருந்தாள். அவர் நிறுத்தவில்லை, குரலை மட்டும் தணித்துக்கொண்டார்.