வெல்லக் கம்பெனி

எங்கள் அப்பா வெல்லக் கம்பெனியில் வேலை செய்கிறார் என்றுதான் நான் மூன்றாம் வகுப்புவரை நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளியிலும் அப்படியே பீற்றிக்கொண்டேன். பின்னே, தினமும் வேலை விட்டு வரும்போது அவர் சட்டைப் பையில் காகிதத்தில் மடித்த ஒரு வெல்லத் துண்டு இருக்கும். வேறு யாருடைய அப்பாவுக்கு அப்படி ஒரு கம்பெனி வாய்த்தது?

உண்மையில் மண்ணூரில், வார்ப்பு இரும்பின் பிசிறைத் தேய்த்து வழவழப்பாக்கும் ஒரு சின்னப் பட்டறை அது. தெருமுனையில் சைக்கிள் மணிக்கு முன்னால் அவருடைய இருமல் கேட்கும். அம்மா ஒரு கை பொரியைத் தட்டில் கொட்டுவாள். நான் வெல்லத்தைப் பல்லால் கடித்துப் பொரியோடு சேர்த்து மெல்லுவேன். இரும்பும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை அதில் இருக்கும். வெல்லம் என்றாலே அப்படித்தான் மணக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் அப்பா வெறும் பையோடு வந்தார். நான் பொரித்தட்டைத் தள்ளிவிட்டுத் தரையில் புரண்டு அழுதேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாய்யா, புள்ள அப்போலேருந்து வாசலையே பாத்துகினு கீது. வழியிலயே நீ துன்னுட்டு வந்தியா?"

அப்பா திருடிப் பிடிபட்டவர் போலச் சிரித்தார். "நெஞ்ச அடச்சிகினுச்சிம்மே. அதான் வாய்ல போட்டுகினேன். இனிமே துன்ன மாட்டேன், வுடு."

மறுநாள் வெல்லம் முழுசாக வந்தது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று அம்மா என் தலையில் குட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதன்பிறகு அப்பா ஒருநாளும் சொல் தவறவில்லை. நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அவர் படுக்கையில் விழுந்தார். அந்த வருஷமே போய்விட்டார். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்று சொன்னார்கள். வெல்லமும் அத்தோடு நின்றது. நானும் அதைத் தேடவில்லை.

இப்போது எனக்கு ஒரகடத்தில் வேலை. எங்கள் கம்பெனிக்கு உதிரி பாகங்கள் செய்து தரும் பட்டறைகளுக்குப் போய்த் தரம் பார்க்க வேண்டும். போன மாதம் அப்படி ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். ஷிப்ட் முடியும் நேரம். சூப்பர்வைசர் ஒரு தகர டப்பாவோடு வரிசையாக எல்லாருக்கும் வெல்லம் கொடுத்துக்கொண்டு வந்தார். "மேடம், நீங்களும் ஒண்ணு எடுத்துக்கோங்க" என்று என் கையிலும் வைத்தார். வாயில் போட்டேன். அதே வாசனை. இத்தனை வருஷம் கழித்து, மெஷின்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, அதை மெல்லக் கடித்து மென்றேன்.

பக்கத்தில் இருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் தன் வெல்லத் துண்டைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்தார். மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்த கைக்குட்டை கறுத்திருந்தது.

"நீங்க சாப்பிடலையாண்ணே?"

"இல்ல மேடம். வீட்ல பாப்பா கேக்கும்லா."

"இத எதுக்குக் கொடுக்கிறாங்க?"

என்னை விசித்திரமாகப் பார்த்தார். "தெரியாதா? வெல்லம் தின்னா தூசி நெஞ்சுல தங்காதுல்லா. எறக்கிரும். அதுக்குத்தான் தாராவ."

அப்படியானால் நீங்கள் ஏன் தின்னவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். அவர் மறுபடி பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எங்கள் கம்பெனி டாக்டரிடம் பிறகு விசாரித்தேன். வெல்லம் வயிற்றுக்குத்தான் போகும், நுரையீரலுக்குப் போகாது, அதற்கு நல்ல மாஸ்க் வேண்டும் என்றார். அப்பா தின்றிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார். அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்க இன்னும் தைரியம் இல்லை. பொரித்தட்டை முன்னால் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருந்த அந்தச் சிறுமிக்கு, எனக்கு, ஒன்றுமே தெரியாது. டாக்டர் சொன்னது அப்பாவுக்கும் தெரியாது. வெல்லம் தன் உயிரைக் காக்கும் மருந்து என்று முழுசாக நம்பிக்கொண்டுதான், தினமும் அதைத் தின்னாமல் எனக்குக் கொண்டுவந்தார்.