இரண்டு பேருக்குத் துண்டு

தாய்லாந்தில் ஓட்டலுக்குள் நுழைந்ததும் என்ன பேச வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் சவாதீ கா, வணக்கம். ஏ.சி. குளிரவில்லை என்றால் ஏர் மை யென். துண்டு வேண்டுமென்றால் கோ பா செத் துவா. எத்தனை பேர் என்று கேட்டால் சாங் கோன் கா, இரண்டு பேர். ஆனால் நான் தாய்லாந்துக்குப் போனதில்லை. மீனம்பாக்கம் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்ததோடு சரி.

ஆவடியில் எங்களுக்குப் பைப் கடை. கடை என் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது, கல்லாவில் நான் இருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்குவது முதல் பிளம்பர் கேட்கிற எல்போவைத் தேடிக் கொடுப்பது வரை என் வேலை. அவர் "சைட்டுக்குப் போறேன்" என்று வண்டியை எடுத்தால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் முகம் காட்டுவார். பைப் கம்பெனி வைத்த டார்கெட்டை அந்த வருஷம் தாண்டினோம். தாண்டினேன் என்றுதான் எழுத வேண்டும். அண்ணனூர், கொரட்டூர் என்று ஒரு பிளம்பர் விடாமல் போன் போட்டு ஆர்டர் பிடித்தவள் நான். பரிசு, பாங்காக்கில் நான்கு நாள், இரண்டு பேருக்கு.

அதுவரை நான் ஓட்டலில் தங்கியதே இல்லை. வேளாங்கண்ணிக்குப் போனால் கோயில் விடுதி, போர்வையை நாமே கொண்டுபோக வேண்டும். நான் கலைத்த படுக்கையை வேறு ஒருவர் வந்து சரிசெய்வார் என்பது எனக்குப் பெரிய ஆசையாக இருந்தது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பாஸ்போர்ட் எடுத்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, போனில் வீடியோ பார்த்து, ஓட்டலில் பேசுகிற வாக்கியங்களை மட்டும் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். பெண்கள் கடைசியில் 'கா' போட்டுப் பேசினால்தான் மரியாதையாம். நோட்டு முழுக்கக் கா போட்டேன். ஆண்கள் என்ன போடுவார்கள் என்று நான் பார்க்கவே இல்லை. பேசப்போவது நான்தானே!

கல்லாவில் உட்கார்ந்து முணுமுணுப்பேன். "இன்னாக்கா, மந்திரம் சொல்லிக்கினு கீற?" என்பார் ஒரு பிளம்பர்.

ஒரு நாள் மதியம் சோறு போடும்போது வீட்டுக்காரர் சொன்னார், கம்பெனிக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது என்று. அவர் பெயரும் என் தம்பி பெயரும்.

"டீலருங்கோ எல்லாம் ஜென்ட்ஸா வர்றாங்கோ. நீ ஒருத்தி வந்து இன்னா பண்ணப்போற? கடைய யாரு பாக்கறது?"

டீலர் டூர் என்றால் எங்கள் பக்கம் அப்படித்தான். டீலரும் மச்சானும் போவார்கள், இல்லையென்றால் டீலரும் கூட்டாளியும். மனைவியை அழைத்து வரக்கூடாது என்று எந்தக் கம்பெனியும் சொல்வதில்லை. இவர்களாகவே போட்டுக்கொண்ட சட்டம். கரண்டியை அவர் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து வந்தேன். அதற்கு மேல் என்ன கிழித்தேன்? ஒன்றும் இல்லை. மறுநாள் காலையில் போய் ஷட்டரைத் தூக்கினேன். அவர் செய்ததைவிட, நான் அப்படிப் போய்த் தூக்கியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தம்பி வந்தான். இடுப்பில் தூக்கிவைத்துச் சோறு ஊட்டிய தம்பி.

"அக்கா, உனக்கு இன்னா வோணும் சொல்லு, வாங்கினு வர்றேன்" என்றான். நீ போக வேண்டிய இடத்துக்கு நான் போகட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டது அந்த நோட்டை. கொடுத்துத் தொலைத்தேன்.

அவர்கள் போன மூன்றாம் நாள், கடையில் கூட்டமாக இருந்த நேரம் பார்த்து வீடியோ கால் வந்தது. தம்பி பனியனோடு நின்றான். பின்னால் அவர் கட்டிலில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். தலையணைகள் கீழே கிடந்தன. ஈரத் துண்டுகள் தரையெல்லாம்.

"அக்கா, ரூம் கிளீன் பண்றம்மா வந்துகீது. துண்டு கேட்டா புரியல. உன் நோட்ட படிச்சா சிரிக்குது. நீ சொல்லேன்!"

போனை அந்த அம்மாள் பக்கம் திருப்பினான். என் வயதுதான் இருக்கும். நெற்றியில் வியர்வை, கையில் உதறிய விரிப்பு. என் படுக்கையைச் சரிசெய்வாள் என்று நான் நினைத்துவைத்திருந்த பெண்.

"சவாதீ கா. கோ பா செத் துவா கா" என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. புரிந்துகொண்டாள்! நான் சொன்னது அவ்வளவு தூரத்தில் ஒரு மனுஷிக்குப் புரிந்தது. அந்த ஒரு நொடி சந்தோஷமாக இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

"கீ கோன் கா?" என்று கேட்டாள். எத்தனை பேர்?

பதில் என் நாக்கில் தயாராக இருந்தது. குளிக்கும்போது, பாத்திரம் துலக்கும்போது, கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது, நூறு தடவையாவது சொல்லிப் பழகிய பதில். அந்த நூறு தடவையும் இரண்டு பேரில் ஒருத்தி நான்.

"சாங் கோன் கா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு, அவர்கள் இருவருக்கும் இரண்டு துண்டு எடுத்து வைத்தாள்.