சாஸ்தாவின் குதிரையில் மாடன்

1931ஆம் ஆண்டு குத்துக்கல்வலசைப் பக்கத்துச் சேரியில் மாடன் குதிரை பழக்கக் கிளம்பியதற்குக் காரணம் குதிரை ஆசை அல்ல, பழி.

பண்ணையார் சிவனணைந்தபெருமாள் ஓர் ஆண் குதிரைக்குட்டியைச் சாஸ்தாவுக்கு நேர்ந்துவிட்டிருந்தார். மனிதக் கை படாமலே அதற்கு மூன்று வயதாகிவிட்டது. தொட்டவன் ரத்தம் கக்கிச் சாவான் என்று பூசாரி சொல்லிவைத்திருந்தார். அது பண்ணை வயலுக்கு வந்தால் மட்டும் தகரம் தட்டிச் சேரிப் பக்கம் திருப்பிவிடுவார்கள். மாடனின் கேழ்வரகை மேய்ந்தபோது அவன் மனைவி குருவம்மாள் மண்ணாங்கட்டியால் எறிந்தாள். அதற்காக அவளைப் புளியமரத்தில் கட்டி அடித்தார்கள். இடக்கை பிறகு நிமிரவேயில்லை.

"அந்தக் குதிரையிலயே ஏறி அவன் வாசலுக்குப் போவேன்" என்றான் மாடன்.

"ஏறுவீரு, ஏறுவீரு. மொதல்ல கிட்டக்க போயிப் பாரும்" என்றாள் குருவம்மாள்.

போனான். உழவுமாட்டைத் தட்டுவதுபோல் பின்னால் போய்த் தொடையில் தட்டினான். விழுந்த உதையில் இரண்டு பல் போயிற்று. தென்காசி ரயிலடியில் குதிரைவண்டி ஓட்டும் மைதீன் கேட்டுச் சிரித்தார். "ஏலே, அது என்ன ஒன் மயிலக்காளையா? அதுக்குத் தெரியுத மாதிரி முன்னால போலே. கயித்த அப்புறம் காட்டு, மொதல்ல கொள்ளக் காட்டு."

அவித்த கொள்ளோடு சிற்றாற்றங்கரைத் தாழம்புதர் மறைவில் ஒரு மாதம் கிடந்தான். கையில் தின்றது. கழுத்தைத் தொடவிட்டது. கயிற்றைக் கண்டதும் ஓடியது. மறுபடி கொள்ளிலிருந்து தொடங்கினான். பிறகு முதுகில் ஈரச்சாக்கு. சாரல் பிடித்து ஆற்றில் இடுப்பளவு தண்ணீர் வந்ததும் அதை உள்ளே இறக்கி மேலே ஏறினான். தண்ணீருக்குள் அதனால் துள்ள முடியவில்லை. தினமும் குருவம்மாளின் கையைப் பார்த்துவிட்டுத்தான் ஆற்றுக்குப் போனான்.

ஆடிக் கடைசி வெள்ளி, பூசை நேரத்தில் பண்ணையார் தெருவுக்குள் மாடன் குதிரையில் வந்தான். ரத்தம் கக்குவான் என்று ஊரே பார்த்து நின்றது. கக்கவில்லை. நாலு பேர் இழுத்துப்போட்டு மிதித்த பிறகுதான் ரத்தம் வந்தது. அதற்குச் சாஸ்தா பொறுப்பல்ல.

"குதிரையப் பிடிச்சுக் கோயில்ல கட்டுங்கலே!" என்றார் பண்ணையார்.

பூசாரி பதறினார். "எசமான், சேரிக்காரன் ஏறுன குதிரை. தீட்டு. சாமிக்கு ஆவாது. நம்மாளுக தொடவும் கூடாது."

மாடன் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "சாமிக்கும் ஆவாது, ஒமக்கும் ஆவாது. அப்போ எனக்குத்தான்."

பண்ணையாரும் பூசாரியும் தங்கள் சாத்திரம் பொய் என்று சொல்லியிருந்தால் குதிரையைத் திரும்பப் பெற்றிருக்கலாம்.

அதன்பின் சுரண்டைச் சந்தைக்கு அவன் அந்தத் தெரு வழியாகவே போனான். அரை மைல் சுற்று. மறிக்கக் கம்போடு வந்தவர்கள், கம்பு வழியாகவும் குதிரையின் தீட்டு ஏறுமென்று சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். பண்ணையார் வீட்டு முன்னால் மாடன் குதிரையை நிறுத்துவான். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தும்வரை நகரமாட்டான்.