வல்லத்தை ஓட்டியது யார் என்று கேட்டார்கள்

சிரிக்க வைத்துவிட்டால் எவரும் நம்மைக் கைது செய்ய மாட்டார்கள் என்று நம்பியவன் நான். ஐம்பத்திரண்டு வயதில்! அந்த நம்பிக்கையைக் கொண்டு ஒரு பெண்ணுக்குத் துரோகம் செய்தேன். நீங்கள் முழுவதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்...

எங்கள் ஊர்ப் பெண்கள் கரைக்கு எதிரே உள்ள தீவைச் சுற்றி மூழ்கிக் கடல்பாசி பறிப்பவர்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, வெறும் கையால். தீவுப் பக்கமே போகக்கூடாது என்றது சட்டம். பவளப்பாறையைக் காக்க வேண்டுமாம். காக்கட்டும்! ஆனால், பாறையை உரசிப் போகும் விசைப்படகை விட்டுவிட்டு, துணி சுற்றிய விரலை மட்டும் பிடிக்கும் சட்டத்தை என்ன செய்வது?

ஒளிந்து போவதைப் பெண்கள் நிறுத்தினார்கள். பதினான்கு பேரும் பெயர் எழுதி, போகும் நாளையும் குறித்து, வனத்துறை அதிகாரியிடமே கடிதம் கொடுத்தார்கள். பிடித்தால் ஓடக்கூடாது, பெயரை மறைக்கக்கூடாது என்பது பேச்சு. அவர்களை ஏற்றிப்போகும் வல்லத்தை, அந்தச் சிறு எஞ்சின் படகை, ஓட்ட ஒப்புக்கொண்ட நான் மட்டும் கடிதத்தில் பெயர் எழுதவில்லை. நேரில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். வீரமாகத்தான் சொன்னேன்... வீரமாகவா?

"கொழுந்தனாரே, அங்கன வந்து பேர மறந்துறாதீக," என்றாள் ராக்கு மதினி. இறந்துபோன என் அண்ணனின் மனைவி; பதினான்கு பேரில் ஒருத்தி. எல்லோரையும்விட நான்தான் உரக்கச் சிரித்தேன்.

பாசி மூட்டைகளோடு திரும்பியபோது கரையில் அந்த அதிகாரியும் காவலர்களும் நின்றார்கள். பெண்கள் இறங்கி வல்லத்தைத் தள்ளிய சந்தடியில் நானும் நழுவி, இடுப்பளவு நீரில் நின்று முதுகு தேய்த்தேன். சோப்பே இல்லாமல்!

அதிகாரி பெயர்களைச் சரிபார்த்தார். வல்லத்தை ஓட்டியது யார் என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"குளிக்க வந்தேங்கய்யா. வீட்டுல தண்ணி வரல."

அவர் சிரித்துவிட்டார். என் வாழ்நாளில் அப்படியொரு வெற்றி கண்டதில்லை!

பதினான்கு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். ஒருத்திகூட விரல் நீட்டவில்லை. அதிகாரி மறுபடி கேட்டார்.

"நாந்தேன்," என்றாள் ராக்கு.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்...

அநியாயச் சட்டத்தை மீறலாம் என்று இன்றும் யாரிடமும் வாதாடுவேன். ஆனால், மீறிவிட்டு முகத்தைக் காட்டாதவனுக்கு என்ன பெயர்? கள்ளன் என்பதைத் தவிர வேறு சொல் உங்களிடம் இருக்கிறதா?

மற்றவர்களை அன்று மாலையே விட்டார்கள். வல்லம் ஓட்டியவள் என்று ராக்கு மட்டும் பதினொரு நாள் சிறையில் இருந்தாள். எஞ்சினை முடுக்கக்கூட அவளுக்குத் தெரியாது. வழக்கு இன்னும் அவள் பெயரில்தான் நடக்கிறது.

வல்லத்தை ஓட்டியது நான்.