ஓரம் அடித்த புண்

புண் என்று யாராவது இடது கையை நீட்டினால், டாக்டரம்மாவின் கண் முதலில் வலது கைக்குத்தான் போகும். நகம் எப்படி, விரல் எதுவரை எட்டும் என்று அளந்துவிடும். அதற்குள் வாய், "வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க? மத்தியானம் தூக்கம் வருதா?" என்று ஊர்க்கதையில் இறங்கியிருக்கும். தோல் டாக்டரான அவருக்கு ஆஸ்பத்திரியில் 'வம்பு டாக்டர்' என்றே பெயர். தெர்மாமீட்டரைச் சூடான டீயில் முக்கிக் காய்ச்சல் ஏற்றுகிறவர்கள், கண்ணைத் தாங்களே கசக்கிச் சிவக்க வைத்துக்கொள்கிறவர்கள் எல்லோரும், மற்ற வார்டுகள் கைவிரித்த பிறகு அவரிடம்தான் வந்து சேருவார்கள்.

தையற்கார அம்மாளும் அப்படித்தான் வந்தார். மாதக்கணக்கில் ஆறாத முன்கைப் புண். அனுப்பியது டாக்டரம்மாவின் சொந்தத் தம்பி, அறுவை சிகிச்சை டாக்டர்.

"அக்கா, நாலு மூலையும் எவ்ளோ ஒழுங்கா இருக்கு பாரு!"

"வியாதிக்கு ஓரம் அடிக்கத் தெரியாதுடா."

"அப்போ அவங்களேதான் சுரண்டிக்கிறாங்க. மூஞ்சிக்கு நேரா கேட்டுடவா?"

"கேளு. நாளைக்கே வேற ஆஸ்பத்திரிக்கு ஓடிடுவாங்க. அங்க உன்ன மாதிரி ஒரு அவசரக்குடுக்கை கத்தியத் தூக்குவான். தைக்கிற கைடா அது!"



முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை, விரல் நுழையாதபடி கட்டுப் போட்டார் டாக்டரம்மா. "பிடிவாதக்காரப் புண்ணும்மா. மூடி வச்சா வழிக்கு வந்துடும்" என்று பழியெல்லாம் புண்ணின் தலையிலேயே போட்டார். கட்டு மாற்ற வெள்ளிதோறும் வரச் சொன்னார். அன்றைக்குப் பக்கத்து அறை மனநல டாக்டரும் டீயோடு வந்து உட்காருவார். மகள் கல்யாணமாகிப் போனபின் வெறிச்சென்று ஆன வீடு, தையல் மெஷினைத் தவிரச் சத்தமே இல்லாத பகல்கள், புண் என்றால் மட்டும் பதறி ஓடி வரும் மகள்... டீ ஆற ஆற ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

இன்று கட்டைப் பிரித்தால், பளபளவென்று புதுத் தோல்! தம்பிக்கு வாயெல்லாம் பல். தையற்கார அம்மாளின் முகம் மட்டும் விளக்கணைத்த வீடாயிற்று.

"ஆறிடுச்சு. இனிமே நான் இங்க வர வேண்டியதில்ல, இல்லம்மா?"

அவரது வலது கை, தன்னையறியாமல் இடது கையை நோக்கி நகர்ந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"யாரு சொன்னா? என் கோட்டுல பட்டன் போயிடுச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை ஊசி நூலோட வந்து சேருங்க, சொல்லிட்டேன்!" என்று அதட்டினார்.

மேசைக்கடியில் அவருடைய விரல்கள், கெட்டியாகத் தைத்திருந்த கடைசிப் பட்டனை முறுக்கிப் பிய்க்கப் போராடிக்கொண்டிருந்தன.