ஐந்துக்கு இரண்டில் நின்ற ஆட்டம்

டென்னிஸில் அம்மாவும் சித்தியும் சேர்ந்து ஆடினால் வெல்ல எங்கள் மின்னி பே பகுதியில் ஆளே இல்லை என்று பத்து வயதில் நான் உறுதியாக நம்பினேன். அவர்கள் அடிக்கடி தோற்றது இந்த நம்பிக்கையை அசைக்கவில்லை. எதிரணியில் அம்மாவின் அலுவலகத் தோழிகள் இருவர்: பெங்காலி ஆன்ட்டி, தெலுங்கு ஆன்ட்டி. பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று நால்வரும் இந்தியில் போடும் சண்டை கடற்கரை வரை கேட்கும்.

அவர்கள் ஆடும் பூங்காவில் விளக்கு கிடையாது. மழைக்காலம் முடிந்தால் எங்கள் தீவில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அதனால் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். இருட்டினால் ஆட்டம் அப்படியே நிற்கும். அடுத்த ஞாயிறு அதே நால்வர் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும், ஆள் மாற்றக் கூடாது. தோற்கிற பக்கம் ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவது சகஜம். அம்மா அதில் கைதேர்ந்தவள்.

பள்ளி ஆசிரியையான சித்திக்கு, கப்பலில் நாள்கணக்கில் போக வேண்டிய தெற்குத் தீவிலுள்ள கேம்பல் பே என்ற ஊருக்கு மாற்றல் வந்தது. திங்கட்கிழமை காலை கப்பல். ஞாயிறு மாலை கடைசி ஆட்டத்தில் சித்தி ஜெயித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று நான் வேண்டாத தெய்வமில்லை. தெய்வங்களுக்கு வேறு வேலை இருந்தது போலும். ஐந்துக்கு இரண்டு. இன்னும் ஒரு கேம் எடுத்தால் எதிரணிக்கு வெற்றி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது பெங்காலி ஆன்ட்டி குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார். பந்து தேடப் புதருக்குள் போன தெலுங்கு ஆன்ட்டி, அது காலடியில் கிடந்தும் திரும்பவில்லை. "ஆன்ட்டி, ஜல்தி கேலோ" என்று சீக்கிரம் ஆடச் சொல்லிக் கத்தினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மா என்னை முறைத்தாள்.

இருட்டியது.

"அந்தேரா ஹோ கயா," என்றார் பெங்காலி ஆன்ட்டி. "பாக்கி கேம் தூ வாபஸ் ஆகே கேல்."

மிச்சத்தைத் திரும்பி வந்து ஆடு என்கிறார். சித்தி துண்டால் முகத்தை நெடுநேரம் துடைத்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது, "ஜெயிக்கிற நேரத்துல பயந்துட்டாங்க, பாத்தியா சித்தி?" என்றேன்.

"ஆமாடி, ரொம்பத்தான் பயந்துட்டாங்க," என்று சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் பள்ளியில் இதை ஒருவர் விடாமல் சொல்லிப் பெருமையடித்தேன்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் மூவரும் வந்து பந்தைச் சும்மா தட்டிவிட்டுப் போனார்கள். நான்காவது ஆளுக்கா பஞ்சம்? பக்கத்து வீட்டு மலையாள ஆன்ட்டி மட்டையோடு தயாராக இருக்கிறார் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். மூவரும் ஒரே மாதிரி என்னைப் பார்ப்பார்கள். பெரியவர்களுக்குச் சில எளிய விஷயங்கள்கூடத் தெரிவதில்லை என்று நினைத்துக்கொள்வேன்.